போர்ட்டரும் குடோனும்: பாஸ்பேட் பிடிக்கும் புரதம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

போன மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நான் கொஞ்சம் ஓவராகப் பேசிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வளாகத்தில் 60 வீடுகள், ஏறக்குறைய 200 பேர். கழிவுநீரை நாங்களே எஸ்.டி.பி. வைத்துச் சுத்தம் செய்கிறோம். சுத்தமான தண்ணீர் செடிக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் போகும். மிஞ்சுவது மழைநீர் வடிகாலில் போகும். வடிகால் போய்ச் சேரும் குட்டை வருஷா வருஷம் பச்சைப் பசேல் என்று ஆகி, பிறகு ஆகாயத்தாமரை மூடி, கடைசியில் நாறுகிறது. "எஸ்.டி.பி. தண்ணி டெஸ்ட்ல பாஸ் ஆகுதே, அப்புறம் ஏன் நாறுது?" என்பதுதான் கூட்டத்தில் கேள்வி.

பதில் எனக்குத் தெரியும் என்று எழுந்தேன். பாதி பதில் சரிதான். தண்ணீர் பச்சையாவதற்கு முக்கியக் காரணம் பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226-ஆம் எண் ஏரியை 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். இன்னொரு பக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சையானது, மற்றது தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் சூழலியல் பாடங்களில் இன்றும் வருகிறது.

நம்ம எஸ்.டி.பி. டெஸ்ட்டில் இது ஏன் தெரியவில்லை? 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த கழிவுநீர் அளவுகோலில் இருப்பவை நான்கே: பி.எச்., பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி. பாஸ்பரஸ் அந்தப் பட்டியலில் கிடையாது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் கடுமையான அளவுகளைக் கேட்டபோதுதான் பாஸ்பரஸும் பேச்சுக்கு வந்தது. பழைய பட்டியலை வைத்து டெஸ்ட் எடுத்தால், பாஸ்பேட் எவ்வளவு இருந்தாலும் ரிப்போர்ட் பாஸ்தான்.

இதுவரை சரி. அடுத்துதான் தப்பு செய்தேன். அப்போது படித்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் உற்சாகத்தில், "இதுக்கு இப்ப புரதமே வந்தாச்சு சார். தண்ணியில இருக்கற பாஸ்பேட்டை மட்டும் பொறுக்கி எடுக்கும். அப்புறம் உரமா திருப்பிக் கொடுத்துடும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது மாடி சார் ஒருவர்தான் கை தூக்கினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாஸ்பேட்டிங் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

"தம்பி, ஒரு கிலோவுக்கு அது எவ்வளவு பிடிக்கும்? நாங்க ரெசின் வாங்கும்போது சப்ளையர்கிட்ட முதல்ல கேக்கறதே அதான்."

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். போட்டபிறகு இரண்டு நாள் கூட்ட வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

முதலில், அந்தப் புரதம் என்ன செய்கிறது?

ஈ.கோலை பாக்டீரியாவில் பி.எஸ்.டி.எஸ். என்று ஒரு புரதம் உண்டு. வெளியே பாஸ்பேட் பஞ்சம் வந்தால் பாக்டீரியா இதை ஏராளமாகத் தயாரிக்கும். செல்லின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் இது மிதந்துகொண்டிருக்கும். இரண்டு மடல், நடுவே ஒரு பள்ளம். பாஸ்பேட் வந்து உட்கார்ந்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும். 1990-ல் லூக்கே, குயோச்சோ இருவரும் இதன் படிக அமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒரே ஒரு பாஸ்பேட்டை 12 ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சல்பேட் ஏறக்குறைய அதே உருவம், ஆனால் தண்ணீரில் அதனிடம் ஹைட்ரஜன் இருக்காது. பள்ளத்தில் இருக்கும் ஓர் அஸ்பார்ட்டிக் அமிலம் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஆர்சனேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் நுட்பமானது. இஸ்ரேலில் டான் டாஃபிக் குழுவினர் 2012-ல் காட்டியது: ஆர்சனேட் 500 மடங்கு அதிகமாக இருந்தாலும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பாஸ்பேட்டைத்தான் எடுக்கும். சாதாரண ரெசின்களால் இந்த அளவுக்குப் பிரித்தறிய முடியாது.

அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கும் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் புரூக் மேயர், எட்வின் ஆன்டனி, வெங்கிடேஸ்வரன் உள்ளிட்டோர் இந்தப் புரதத்தைத் தனியே பிரித்து, செஃபரோஸ் என்ற அகரோஸ் மணிகளில் ஒட்டவைத்தார்கள். 2018-ல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான் என்னைக் கூட்டத்தில் பேசவைத்தது. ஒட்டவைத்த பிறகும் புரதம் வேலை செய்கிறது, வேகமாகப் பிடிக்கிறது, மிகக் குறைந்த செறிவிலும் பிடிக்கிறது. காரத்தன்மையை பி.எச். 12-க்கு மேல் ஏற்றினால் பிடித்ததை விட்டுவிடுகிறது. மணிகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். எல்லாம் சோதனையில் காட்டியவை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில். நான் படித்தது பிடிமானத்தைப் பற்றி. சார் கேட்டது கொள்ளளவைப் பற்றி. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் என் தப்பு. எங்கள் தொழிலில் சொன்னால், லேட்டன்சியைப் பார்த்துவிட்டு த்ரூபுட்டையும் ஊகித்துக்கொண்டேன்.

கணக்கு இதுதான். பேப்பர், பேனா போதும்.

ஒரு புரத மூலக்கூறு பிடிப்பது ஒரு பாஸ்பேட். புரதத்தின் எடை சுமார் 35,000 டால்டன். பாஸ்பேட்டுக்குள் இருக்கும் பாஸ்பரஸ் அணுவின் எடை 31. அதாவது 35 கிலோ புரதம் முழுசாக நிரம்பினால் கிடைப்பது 31 கிராம் பாஸ்பரஸ். ஒரு கிலோவுக்கு 1 கிராம்கூட இல்லை, 0.9 கிராம்தான். இது ஆய்வகத் திறமையைப் பொறுத்த விஷயம் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று இயற்கை போட்ட கணக்கு. எவ்வளவு நன்றாக ஒட்டவைத்தாலும் இதைத் தாண்ட முடியாது.

இப்போது எங்கள் வளாகத்துக்கு வருவோம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் 1.5 கிராம். 200 பேருக்கு 300 கிராம். ஒரே தடவையில் பிடிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 340 கிலோ சுத்தமான புரதம் வேண்டும். சரி, மணிக்கு ஒரு தடவை கழுவி 24 சுற்று ஓட்டலாம் என்றால் 14 கிலோ. ஒரு லிட்டர் மணியில் 20 கிராம் புரதம் ஒட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 700 லிட்டர் மணி. செஃபரோஸ் மில்லிலிட்டர் கணக்கில் விற்கும் சரக்கு. 700 லிட்டர் என்று கொட்டேஷன் கேட்டால் சப்ளையர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

அடுத்தது 'மீட்பு' என்ற சொல். கட்டுரைத் தலைப்பிலேயே அது இருக்கிறது, என்னை மயக்கியதும் அதுதான். பிடித்த பாஸ்பேட்டை விடுவிக்கக் காரம் வேண்டும். பி.எச். 12.5 என்றால் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் காஸ்டிக் சோடா. கஞ்சத்தனமாக ஒரு சுற்றுக்கு மணியின் கன அளவே காரம் ஊற்றினாலும், 700 லிட்டருக்கு 0.9 கிலோ. 24 சுற்றுக்கு 21 கிலோவுக்கு மேல். காரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம், மறுக்கவில்லை. ஆனால் கிடைப்பது என்ன? 300 கிராம் பாஸ்பரஸ். டி.ஏ.பி. உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஆக, 1.5 கிலோ டி.ஏ.பி.க்குச் சமம். 50 கிலோ மூட்டை மானிய விலையில் 1,350 ரூபாய் என்றால், நாள் முழுக்க உழைத்து நாம் மீட்டது 40 ரூபாய் சரக்கு.

மீட்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. இந்தியா தனக்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ல் வந்தது எங்கள் பூந்தமல்லி ரோட்டிலேயே மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில். நூறு வருஷத்துக்கு மேல் இறக்குமதிப் பாறையை உரமாக்கி, உரத்தைச் சோறாக்கி, சோற்றைச் சாக்கடையாக்கி, கடைசியில் ஏரியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். திருப்பி எடுக்கத்தான் வேண்டும். எடுப்பதற்கு ஆகும் செலவு எடுத்ததை விழுங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்சேபம், சாக்கடை சோதனைக்குழாய் இல்லை என்பது. புரதம் என்பது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. கழிவுநீரில் புரதத்தை அறுக்கும் நொதிகள் தாராளமாக இருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் எஸ்.டி.பி. ரூமில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எதன் மேலும் இரண்டு நாளில் வழுவழுவென்று ஒரு படலம் படிந்துவிடும். பத்து சுற்று தாங்குவது வேறு, பத்தாயிரம் சுற்று தாங்குவது வேறு.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் அடிப்படையான விஷயம் எனக்கு உறைத்தது. பாக்டீரியாவே இந்தப் புரதத்தில் பாஸ்பேட்டைச் சேமித்து வைப்பதில்லை! புரதம் பிடிக்கும், உடனே உள்சவ்வில் இருக்கும் வாசலில் ஒப்படைக்கும், அடுத்ததைப் பிடிக்கத் திரும்பி வரும். செல்லுக்குள் அதன் வேலை சென்ட்ரல் ஸ்டேஷன் போர்ட்டர் வேலை. போர்ட்டருக்கு வேகமும் சரியான பெட்டியை அடையாளம் காணும் கண்ணும்தான் முக்கியம். அவர் தலையில் எத்தனை பெட்டி நிரந்தரமாக வைக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. மணியில் ஒட்டவைத்தபோது நாம் போர்ட்டரை ஒரே இடத்தில் நிற்கவைத்து, குடோனாக இரு என்று சொல்லிவிட்டோம்.

அப்படியானால் பாக்டீரியாவின் குடோன் எது? பாலிபாஸ்பேட். நூற்றுக்கணக்கான பாஸ்பேட்டுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செல்லுக்குள் உருண்டையாக வைத்துக்கொள்ளும். சில பாக்டீரியாக்கள் இப்படித் தங்கள் உலர் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸைச் சேர்த்து வைக்கும். ஒரு கிலோவுக்கு 50 கிராம். புரதத்தின் 0.9 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐம்பது மடங்குக்கும் மேல். அதோடு இது மணியில் ஒட்டவேண்டாத, விலைக்கு வாங்கவேண்டாத, தானாகப் பெருகும் சரக்கு.

கழிவுநீரில் இந்தக் குடோன் வேலை நடப்பதை முதலில் பதிவு செய்தவர்கள் யார் தெரியுமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை. 1959-ல் எக்ஸ்பீரியன்ஷியா இதழில் இரண்டே பக்கக் குறிப்பு. காற்று நன்றாக ஊட்டிய சேறு கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை வேகமாக உறிஞ்சுகிறது என்று எழுதினார்கள். 1970-களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் இதை முறையான தொழில்நுட்பமாக வளர்த்தார். முதலில் காற்றில்லாத தொட்டி, பிறகு காற்றூட்டும் தொட்டி என்று மாற்றி மாற்றி அனுப்பினால் இந்த பாக்டீரியாக்கள் செழிக்கும். இன்று உலகம் முழுக்கப் பெரிய நிலையங்களில் இதுதான் ஓடுகிறது. பெங்களூரில் இருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு நான் மில்வாக்கியைப் பார்த்தே வியந்துகொண்டிருந்தேன்.

புரதத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. நியாயமாகச் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, கடைசிப் படி. போரூர் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரி. நெசப்பாக்கத்தில் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வரை சுத்தம் செய்து இந்த ஏரியில் விடுவது குடிநீர் வாரியத்தின் திட்டம். அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் என்பது ஒரு சல்லடை. கிருமியும் கலங்கலும் நிற்கும், கரைந்த பாஸ்பேட் நிற்காது. அதற்குத் தனியாக ஒரு படி வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி. பாஸ்பரஸ் மிஞ்சினால்கூட நாளுக்கு 10 கிலோ ஏரிக்குப் போகும். அதைப் புரதத்திடம் விட்டால், மணிக்கு ஒரு சுற்று ஓட்டினாலும் 470 கிலோ புரதம். நடக்காது. ஆனால் பெரும்பகுதியை பாக்டீரியாவும் ஆலமும் எடுத்து 0.1 மி.கி.க்குக் கொண்டுவந்துவிட்டால், மிச்சம் 1 கிலோதான். இவ்வளவு நீர்த்த நிலையில் சாதாரண ரெசின் தடுமாறும், குளோரைடையும் சல்பேட்டையும் சேர்த்துப் பிடித்து நிரம்பிவிடும். புரதத்தின் பிடிமானத்துக்கு அங்கேதான் மதிப்பு. முழுப் புரதத்தை விட்டு, பாஸ்பேட்டைப் பிடிக்கும் சிறு பெப்டைடுகளை மட்டும் ஒட்டிப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஏழு அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு ஏறக்குறைய 700 டால்டன். அதே பிடிமானம் வந்தால் கொள்ளளவு 50 மடங்கு ஏறும். 'வந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 12 பிணைப்புகளையும் இரண்டு மடல்களையும் கழற்றிவிட்டு அதே கண்பார்வையை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு, அளவிடுதல். இதில் புரதம் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. 1994-ல் லண்டனில் மார்ட்டின் வெப் குழுவினர் இதே புரதத்தில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டினார்கள். பாஸ்பேட் வந்து உட்கார்ந்தால் ஒளி கூடும். நொதிகள் பாஸ்பேட்டை வெளிவிடுவதை அந்தந்தக் கணமே பார்க்க உயிர்வேதியியல் ஆய்வகங்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. அளப்பதற்கு கிலோ கணக்கில் புரதம் வேண்டாம், துளி போதும். போர்ட்டரின் கண்ணை மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம், தோளை இல்லை.

ஆகவே, இனி 'பிடிக்கிறது, நீக்குகிறது, மீட்கிறது' என்று எந்தக் கட்டுரை வந்தாலும் நான் முதலில் கேட்கப்போகும் கேள்விகள் மூன்று. ஒரு கிலோவுக்கு எவ்வளவு? விடுவிக்க என்ன செலவு? எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்? சதவீதக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் 95 சதவீதமும் சதவீதம்தான், ஓர் ஏரியில் 95 சதவீதமும் சதவீதம்தான். அந்த ஆய்வாளர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒட்டவைத்தால் வேலை செய்யுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். அந்த விடையை எங்கள் குட்டைக்கு மருந்தாக்கியது நான்தான்.

இந்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கணக்குத் தாளை மூன்றாவது மாடி சாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் முன்னாடி ஒருத்தன் இப்படித்தான் ரெசின் விக்க வந்தான்" என்றார். அப்புறம் அவரே கேட்டார்: "அந்தக் குடோன் பாக்டீரியா நம்ம தொட்டியில கொஞ்சமாவது இருக்குமா?"

கொஞ்சம் இருக்கும். விசேஷ பாக்டீரியா இல்லாவிட்டாலும் சாதாரணச் சேறுகூட தன் உலர் எடையில் 1 முதல் 2 சதவீதம் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். சேற்றைக் காலத்தில் வெளியே எடுத்தால்தான் அது நமக்கு லாபம். காற்றில்லாமல் தொட்டியில் கிடந்து புளித்தால் பிடித்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும். எங்கள் எஸ்.டி.பி.யில் சேற்றுத் தொட்டியைக் கடைசியாக எப்போது காலி செய்தோம் என்று ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தோம். ஏழு மாதம். லாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, தொட்டி வழிந்த தெளிநீரை மறுபடி முதல் தொட்டிக்கே திருப்பிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போதைக்கு முடிவு மூன்று. மாதம் ஒருமுறை சேறு எடுப்பது. வெளியேறும் நீரில் பாஸ்பேட்டையும் லேபில் அளக்கச் சொல்வது. மிச்சத் தண்ணீரை வடிகாலில் விடாமல், முடிந்தவரை பக்கத்து நர்சரிக்குக் கொடுக்கப் பார்ப்பது. செடிக்கு பாஸ்பேட் வேண்டியதுதானே.

முதல் லேப் ரிப்போர்ட் வந்ததும் எண்களோடு எழுதுகிறேன். மேலே உள்ள கணக்கில் எங்காவது பூஜ்யம் பிசகியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்தத் தடவை கூட்டத்துக்கு முன்னாடியே தெரிந்தால் நல்லது.